கேள்விக்கு வேலி: முதன்முறை வினாடி வினா நடத்தப் போகிறவருக்கு

எங்கள் தெருப் பொங்கல் விழாவில் கோலப் போட்டிக்கும் உறியடிக்கும் நடுவே ஒரு மணி நேரம் காலியாகக் கிடந்தது. "நீங்கள்தான் நாளிதழை வரி விடாமல் படிப்பவர், வினாடி வினா ஒன்று நடத்திவிடுங்கள்" என்று என் தலையில் கட்டினார்கள். பொது அறிவுப் புத்தகம் ஒன்றிலிருந்து 30 கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். பத்துக் கேள்விகள் வரை எல்லாம் சுபம். பதினோராவது கேள்வி: "இந்தியாவின் தென்கோடி முனை எது?"

எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி "இந்திரா முனை" என்றாள். என் தாளில் கன்னியாகுமரி என்று இருந்தது. "தவறு, அடுத்த அணி" என்றேன். அடுத்த அணி கன்னியாகுமரி என்று சொல்லி 10 மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டது. அந்தப் பெண் உட்காரவில்லை. "மாமா, நிக்கோபார் இந்தியாவில் இல்லையா?" என்று கேட்டாள். கூட்டத்தில் சிரிப்பு. அதற்குள் அவளுடைய தாத்தா, கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார். கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனையில் நிற்கும் கலங்கரை விளக்கத்தைக் கண்ணால் பார்த்த கதையை அவர் சொல்லச் சொல்ல, நான் என் தாளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதிலுள்ள எழுத்து எப்படியாவது மாறிவிடாதா என்று. அந்தப் பெண்ணின் அணி 5 மதிப்பெண்ணில் தோற்றது. மறுநாள் சொந்தக் காசில் இன்னொரு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

"இந்தியப் பெருநிலப்பரப்பின் தென்கோடி முனை" என்று கேட்டிருந்தால் கன்னியாகுமரி சரி. தீவுகளையும் சேர்த்து என்றால் இந்திரா முனை சரி. ஒரே ஒரு சொல் இல்லாததால் வந்த செலவு அது. பிறகு வாசகர் வட்டத்திலும் பள்ளிகளிலும் குடியிருப்புச் சங்கங்களிலுமாகப் பல முறை நடத்திவிட்டேன். மேடையில் எழும் தகராறுகளை எண்ணிப் பார்த்தால், பத்தில் ஒன்பது கேள்வியின் வாசகத்தில் பிறந்தவை. விடையை மனப்பாடம் செய்வதில் செலவிடும் நேரத்தில் பாதியைக் கேள்வியைச் செதுக்குவதில் செலவிட்டால் போதும். அதற்கான வழி இது.

முதல் படி: பொறி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

தந்திரமான கேள்விகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் பொறி உலகத்திலேயே இருக்கிறது. இன்னொன்றில் பொறியைக் கேட்பவர் வாக்கியத்துக்குள் ஒளித்து வைக்கிறார்.

"மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் எத்தனை தூண்கள்?" விடை 985. இது முதல் சாதி. பெயர் ஒன்று சொல்கிறது, கல் வேறொன்று சொல்கிறது. தெரியாதவர்கூட விடையைக் கேட்டதும் "அடடா" என்பார்; உங்கள்மேல் கோபப்பட மாட்டார். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போர் 1337-இல் தொடங்கி 1453-இல் முடிந்தது, ஆக 116 ஆண்டுகள். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி இன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 7, 1917. பனாமா தொப்பியின் சொந்த ஊர் ஈக்வடார். விமானத்தின் கறுப்புப் பெட்டி ஆரஞ்சு நிறம். இவையெல்லாம் ஒரே தறியில் நெய்தவை. ஒரு சுற்றில் இரண்டு வைக்கலாம். மூன்றாவது வைத்தால் அணிகள் உஷாராகி, எதைக் கேட்டாலும் தலைகீழாகச் சொல்லத் தொடங்கிவிடும்.

இரண்டாவது சாதிக்கு உதாரணம்: "மோசே தன் பேழையில் ஒவ்வொரு விலங்கிலும் எத்தனை ஏற்றினார்?" எல்லோரும் "இரண்டு" என்பார்கள். "ஒன்றுமில்லை, பேழை கட்டியவர் நோவா" என்று நீங்கள் சிரிக்கலாம். மனத்தின் கவனப்பிசகு பற்றிய ஆராய்ச்சிக்கு அது அருமையான கருவி. உளவியலாளர்கள் இதே கேள்வியை வைத்து ஆய்வே செய்திருக்கிறார்கள். ஆனால் 10 மதிப்பெண் கேள்வியாக அதைக் கேட்டால், சரியாகக் காது கொடுத்துக் கேட்டவர் கெட்டிக்காரராகவும் நிறையப் படித்தவர் முட்டாளாகவும் ஆகிவிடுவார்கள். இடைவேளையில் கூட்டத்தைச் சிரிக்க வைக்க வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் வேண்டாம்.

எனக்குப் பிடித்த நேர்மையான பொறி ஒன்று. "இந்தியாவில் பிறந்தவர்களில் முதன்முதலாக நோபல் பரிசு பெற்றவர் யார்?" உடனே தாகூர் என்று குரல் வரும். தாகூர் பெற்றது 1913-இல். அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, 1902-இல், மலேரியா ஆராய்ச்சிக்காக மருத்துவ நோபல் பெற்ற ரொனால்டு ராஸ் பிறந்தது இமயமலை அடிவாரத்து அல்மோராவில். 1907-இல் இலக்கிய நோபல் பெற்ற கிப்ளிங் பிறந்தது பம்பாயில். "பிறந்தவர்" என்ற சொல் கேள்வியின் நடுவில் வெளிச்சமாக நிற்கிறது, ஒளிவுமறைவு இல்லை. கவனித்தவருக்கும் படித்தவருக்கும் இரண்டு பேருக்குமே மரியாதை உண்டு. இதன் தம்பி: "இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் பிறந்து அறிவியலுக்கான நோபல் பெற்றவர்கள் எத்தனை பேர்?" மூன்று என்று விரல் நீட்டுவார்கள். சி.வி. ராமன் திருச்சி, வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரம். சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தது லாகூரில். ஆக இரண்டு.

இரண்டாம் படி: வேலி போடுங்கள்

இதில்தான் அதிக நேரம் உட்கார வேண்டும். "முதல்", "பெரிய", "உயர்ந்த", "நீளமான", "இளைய" ஆகிய ஐந்து சொற்களில் ஒன்று கேள்வியில் இருந்தால், அதை வேலியில்லாத தோட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆடும் புகுந்து மேயலாம்.

"தமிழ்நாட்டின் முதல் முதலமைச்சர் யார்?" என்று ஒரு பள்ளியில் கேட்கத் தாளில் எழுதி வைத்திருந்தேன். விடை ஓமந்தூரார் என்று புத்தகத்தில் இருந்தது. தென்கோடியில் சூடுபட்டவனாயிற்றே, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன்.

சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்து முதன்முதலாக இந்திய அமைச்சரவை அமைந்தது 1920-இல். அதன் தலைவர் நீதிக்கட்சியின் அ. சுப்பராயலு ரெட்டியார். 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணத்துக்கு முழு அமைச்சரவை கிடைத்தபோது, தேர்தலில் வென்று 1937-இல் தலைமை ஏற்றவர் ராஜாஜி. நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்று நாற்காலியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து குடியரசான 1950 ஜனவரி 26 அன்று இருந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. வயது வந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பின் 1952-இல் பதவியேற்றவர் மறுபடியும் ராஜாஜி. மொழிவாரி மாநிலமாக எல்லை திருத்தப்பட்ட 1956 நவம்பர் 1 அன்று காமராஜர். "தமிழ்நாடு" என்ற பெயரே சட்டப்படி நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14 அன்று அண்ணா.

ஆறு பேர், ஏழு விடைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம். கேள்வியை அப்படியே கேட்டிருந்தால் ஏழு அணிகளும் ஒவ்வொரு விடையாகச் சொல்லி, ஏழு பேருமே சரியாக இருந்திருப்பார்கள். நான் மட்டும் தவறு. எனக்குத் தோன்றுவதைச் சொன்னால், கேள்வியின் சொல்லை நேரடியாக எடுத்துக்கொண்டால் அண்ணாதான் விடை. ஏனென்றால் அதற்கு முன் "தமிழ்நாடு" என்று அரசிதழில் ஒரு மாநிலம் இல்லை. ஆனால் அதை மேடையில் நிலைநாட்ட எனக்குத் தெம்பில்லை.

வேலி போட மூன்று கழிகள் போதும்: எப்போது, எங்கே, எந்த அளவுகோலால். மேலே சொன்ன கேள்விக்கு முதல் கழியை நட்டால், "1950 ஜனவரி 26 அன்று சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர் யார்?" என்று ஆகிவிடும். ஒரே விடை. அதோடு, பலர் வாயில் வராத குமாரசாமி ராஜாவின் பெயர் வெளியே வருகிறது. வேலி போட்டதால் கேள்வி எளிதாகவில்லை, கடினமாகியிருக்கிறது. கவனியுங்கள், பெயர் மாற்றத்திலும் இன்னொரு குழி உண்டு: சட்டமன்றத் தீர்மானம் 1967 ஜூலை 18, நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. "எப்போது பெயர் மாறியது" என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டு அணிகள் கைகலக்கும்.

அளவுகோல் கழிக்கு மலையைவிட நல்ல பாடம் இல்லை. "உலகின் உயரமான மலை?" எவரெஸ்ட் என்பது கடல் மட்டத்திலிருந்து அளந்தால், 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். ஹவாயின் மௌனா கியா கடல் மட்டத்துக்கு மேலே 4,207 மீட்டர்தான். ஆனால் அதன் அடிவாரம் பசிபிக் கடலின் தரையில் இருக்கிறது. அங்கிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். ஈக்வடாரின் சிம்போராசோ 6,263 மீட்டர். பூமி நடுவில் பருத்து, துருவங்களில் சற்றே தட்டையாக இருக்கிறது. நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் துருவத்தில் உள்ளதைவிட சுமார் 21 கி.மீ. அதிகம். சிம்போராசோ அந்தப் பருத்த இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் அதன் உச்சிதான் மிகத் தொலைவில் இருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கைவேலை செய்யலாம். விடையைக் கேள்வியாக்குங்கள். "ஈக்வடாரின் சிம்போராசோ எவரெஸ்ட்டைவிட 2,500 மீட்டருக்கும் மேல் குள்ளம். ஆனாலும் ஒரு வகையில் அது எவரெஸ்ட்டை வெல்கிறது. எந்த வகையில்?" தகராறுக்கு இடமில்லை. பெயர் தெரியாத பத்தாம் வகுப்பு மாணவன்கூட, பூமி உருண்டை இல்லை என்பதை நினைத்து யோசித்து, விடைக்கு வந்து சேரலாம். நான் பார்த்தவரை கூட்டம் கைதட்டுவது இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான்.

"இளைய" என்ற சொல்லுக்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்க சாம்பியனானார். "மிக இளைய உலக சாம்பியன் யார்?" என்று கேட்டுவிட்டு குகேஷ் என்று எழுதிக்கொண்டால், சதுரங்கம் அறிந்த யாராவது உக்ரைனின் ருஸ்லான் பொனமரியோவ் என்பார். அவர் 2002 ஜனவரியில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டத்தை வென்றபோது அவருக்கும் 18 வயது. குகேஷைவிடச் சில மாதங்கள் இளையவர். அப்போது சாம்பியன் பட்டம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஃபிடே பட்டம் ஒன்று, கிராம்னிக் வைத்திருந்த பட்டம் ஒன்று. அதனால்தான் பொறுப்பாக எழுதுகிறவர்கள் குகேஷை "போட்டிப் பட்டம் இல்லாத காலத்தின்" அல்லது "சர்ச்சையற்ற" இளைய சாம்பியன் என்று அடைமொழியோடு எழுதுகிறார்கள். அந்த அடைமொழியை வீண் என்று வெட்டிவிடாதீர்கள். செய்தியில் ஒட்டிக்கொண்டு வரும் அடைமொழி ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஏற்கெனவே போட்ட சண்டையின் தழும்பு.

சில இடங்களில் வேலியே போட முடியாது. நைல் நீளமா, அமேசான் நீளமா என்பது அப்படி. எந்த ஓடையை ஆற்றின் பிறப்பிடமாக வைப்பது, கழிமுகத்தில் எங்கே முடிப்பது என்பதைப் பொறுத்து எண்கள் மாறுகின்றன. அந்தக் கேள்வியைக் கீழே போட்டுவிடுங்கள். உலகில் கேள்விக்கா பஞ்சம்?

மூன்றாம் படி: தேதி போடுங்கள்

சனிக் கோளின் நிலாக்கள் எத்தனை என்பதற்கு 2023 தொடக்கத்தில் ஒரு விடை, அதே ஆண்டு மே மாதத்தில் இன்னொரு விடை. 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 நிலாக்கள் சேர்ந்து 274 ஆயிற்று. 2023-இல் சில மாதங்கள் வியாழன் முந்திக்கொண்டதும் உண்டு. மக்கள்தொகையில் முதல் நாடு என்ற விடை 2023 ஏப்ரலில், ஐ.நா. கணக்கின்படி, சீனாவிலிருந்து இந்தியாவுக்கு மாறியது. 2006 ஆகஸ்ட் 24 வரை கோள்கள் ஒன்பது, மறுநாள் எட்டு. ஆகவே கேள்வித் தாளின் ஓரத்தில், விடையைச் சரிபார்த்த நாளை எழுதி வையுங்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தால் மறுபடி பாருங்கள். பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து ஒருவர் உங்களோடு சண்டைக்கு வந்தால், சாந்தமாக அந்தப் புத்தகத்தின் பதிப்பாண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: ஊருக்கே தெரிந்ததைச் சந்தேகப்படுங்கள்

இந்தியாவின் தேசிய மொழி எது? அப்படி ஒன்று இல்லை. அரசியலமைப்பின் 343-ஆவது பிரிவு, தேவநாகரி வரிவடிவில் இந்தி ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கிறது. எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. "தேசிய மொழி" என்ற தகுதியை எதற்கும் தரவில்லை. தேசிய விளையாட்டு எது? ஹாக்கி என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தோம். 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் தந்தது. சந்திரனிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியுமா? தெரியாது. 2003-இல் பூமியைச் சுற்றி வந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், அவ்வளவு பக்கத்திலிருந்தே தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்.

இவற்றைக் கேட்கலாமா? கேட்கலாம், ஒரு நிபந்தனையோடு. "எது?" என்று கேட்டுவிட்டு "எதுவுமில்லை" என்று சொல்வது முதல் படியில் ஒதுக்கிய ஏமாற்று வேலை. "சரியா, தவறா?" என்று கேளுங்கள். அல்லது "எந்தப் பிரிவு, எந்தச் சொல்லால் இந்தியைக் குறிக்கிறது?" என்று கேளுங்கள். பள்ளியில் நடத்துவதானால் இன்னொரு சங்கடமும் வரும். பாடப்புத்தகம் ஒன்று சொல்லும், உண்மை வேறாக இருக்கும். பிள்ளை பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொன்னதற்கு மதிப்பெண் தராமல் விடாதீர்கள். தந்துவிட்டு, பிறகு உண்மையைச் சொல்லுங்கள். நடத்துபவரின் கௌரவம் 10 மதிப்பெண்ணில் போய்விடாது.

ஐந்தாம் படி: மூலத்துக்குப் போங்கள்

இணையத்தில் பத்து இடங்களில் ஒரே விடை இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். பத்து வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே எழுத்துப்பிழை பத்திலும் இருந்தால், அது ஒருவரைப் பார்த்து ஒன்பது பேர் எழுதியது. கோள் என்றால் பன்னாட்டு வானியல் ஒன்றியம், சதுரங்கம் என்றால் ஃபிடே, சட்டம் என்றால் சட்டத்தின் வாசகம். இலக்கியம் என்றால் நூலையே திறக்க வேண்டும்.

நூலைத் திறந்ததால் தப்பித்த கதை ஒன்று. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லோரும் ஒப்பிக்கும் ஒரு கேள்வி: "திருக்குறளில் இடம்பெறும் இரு மலர்கள் எவை?" விடை: அனிச்சம், குவளை. பல கையேடுகளில் "இரண்டே மலர்கள்" என்று அழுத்தியும் போட்டிருப்பார்கள். வாசகர் வட்டப் போட்டிக்காக அதை எழுதிய இரவு, சும்மா காமத்துப்பாலைப் புரட்டினேன். 1103-ஆவது குறளின் கடைசி அடி கண்ணில் பட்டது: "தாமரைக் கண்ணான் உலகு." தூக்கிவாரிப் போட்டது. பின்னால் போய் ஆள்வினையுடைமை அதிகாரத்தைப் பார்த்தால், 617-இல் "தாளுளாள் தாமரையி னாள்." இரண்டு இடங்களில் தாமரை மலர்ந்து கிடக்கிறது, நாம் இரண்டே மலர் என்று பாடிக்கொண்டிருக்கிறோம். "இரண்டே" என்பதை அடித்துவிட்டு, "அனிச்சம் எந்த அதிகாரத்தில் விருந்தோடு ஒப்பிடப்படுகிறது?" என்று மாற்றினேன். விருந்தோம்பல், 90-ஆவது குறள். இந்தத் தாமரைக்கு மறுபடி வருகிறேன்.

இதே வகையில், "புறநானூற்றில் எத்தனைப் பாடல்கள்?" என்று கேட்பதும் ஆபத்து. நூலின் கணக்கு 400; ஆனால் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. "கிடைக்காமல் போன பாடல்களின் எண்கள் எவை?" என்று கேட்டால் சுத்தம்.

ஆறாம் படி: குறை சொல்பவரிடம் கொடுங்கள்

ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். கல்யாணச் சாப்பாட்டில் உப்பு கூட என்பவர், பேருந்தில் சில்லறையை மூன்று முறை எண்ணுபவர். கேள்விகளை விடையில்லாமல் அவரிடம் கொடுத்து, "எங்கே வம்பு செய்யலாம் என்று பாருங்கள்" என்று கேளுங்கள். அவர் மனம் குளிர்ந்துபோவார். நீங்கள் மேடையில் வாங்க வேண்டிய அடியை வீட்டுத் திண்ணையிலேயே வாங்கிக்கொள்ளலாம். எனக்கு இந்த வேலையைச் செய்பவர் அந்தக் கப்பல்காரத் தாத்தாதான்.

போட்டி நாளில்

கையில் இருக்க வேண்டியவை: கேள்வித் தாள்; ஒவ்வொரு விடைக்கும் கீழே ஏற்கக்கூடிய மாற்று விடைகள்; ஐந்து உபரிக் கேள்விகள்; சமநிலைக்கு ஓர் எண் கேள்வி. எண் கேள்வி என்பது, "மிக அருகில் சொல்பவர் வெற்றி" என்ற வகை. பழகிய கூட்டம் இல்லையென்றால் ஆயிரங்கால் மண்டபத் தூண்களையே அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

பழகிய வினாடி வினாக்காரர்கள் "பவுன்ஸ்" என்று ஒரு முறையைக் கையாளுகிறார்கள். கேள்வி ஓர் அணியில் தொடங்கும். தெரியாவிட்டால் அடுத்தடுத்த அணிக்குக் கைமாறும். யார் சொன்னார்களோ அவர்களுக்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த கேள்வி தொடங்கும். "என் முறையில் கடினமான கேள்வியாகவே வருகிறது" என்ற புலம்பல் இதில் குறையும். ஆனால் ஒன்று: சரியான விடையை நீங்கள் தவறு என்று சொல்லிவிட்டால், கேள்வி கைமாறிப் போய்விடும், திருப்பிச் சேர்ப்பது சிரமம். அதனால் "தவறு" என்ற சொல்லை வாயிலிருந்து விடுமுன் ஒரு மூச்சு நிறுத்துங்கள். பாதி விடை வந்தால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே அறிவித்துவிடுங்கள். "காந்தி" என்று மட்டும் சொன்னால் நாட்டில் எத்தனை காந்தி? "இன்னும் துல்லியமாக" என்று ஒரு முறை கேட்பேன், எல்லா அணிக்கும் அதே ஒரு முறை என்று சொல்லிவிடுங்கள்.

எதிர்மதிப்பெண் வேண்டாம் என்பது என் கட்சி. புதியவர்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

தகராறு எழுந்துவிட்டால்

எழும். எவ்வளவு வேலி போட்டாலும் எழும். அப்போது முதலில் செய்ய வேண்டியது, கேள்வியைத் தாளில் உள்ளபடி எழுத்து மாறாமல் மறுபடி படிப்பது. பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். மைக் கரகரத்ததில் "பெருநிலப்பரப்பின்" காதில் விழாமல் போயிருக்கும். பிறகு அணித்தலைவர் ஒருவரை மட்டும் பேசச் சொல்லுங்கள், ஒரே நிமிடம். பார்வையாளர் வரிசையிலிருந்து எழும் மாமாக்களைக் கைகூப்பி உட்கார வைத்துவிடுங்கள்.

கேட்டு முடித்ததும் மூன்றில் ஒன்றைச் சட்டென்று சொல்ல வேண்டும். மாற்று விடையும் கேள்விக்குப் பொருந்துகிறது என்றால் ஏற்றுக்கொண்டு மதிப்பெண் கொடுங்கள். ஏற்கெனவே மற்ற அணிக்குக் கொடுத்ததைப் பிடுங்க வேண்டாம், அவர்கள் உங்கள் தாளை நம்பிச் சொன்னவர்கள். கேள்வியே ஓட்டை என்றால், அதை நீக்கிவிட்டு உபரியிலிருந்து ஒன்றை எடுங்கள். உங்கள் விடைதான் சரி என்று மூலத்தோடு தெரியுமானால், மூலத்தைச் சொல்லி நின்றுவிடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். கைபேசியை எடுத்து மேடையிலேயே தேடுவது மட்டும் கூடாது. அதைத் தொடங்கினால் நான்கு அணிகளும் தேடும். நான்கு விடைகள் கிடைக்கும். விழாக் குழு உறியடிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்.

நீங்கள் கீழே உட்கார்ந்திருக்கும் போட்டியாளராக இருந்தால் வாதம் இன்னும் சுருக்கமாக இருக்க வேண்டும். "எனக்கு நன்றாகத் தெரியும்" என்பது வாதமில்லை. "கேள்வியில் தீவுகளை விலக்கவில்லை, ஆகவே இந்திரா முனை" என்பது வாதம். அதாவது கேள்வியின் எந்தச் சொல் உங்கள் விடைக்கு இடம் தருகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். தேர்வாணையங்கள் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போதும் எடுபடுவது இதே முறைதான்: கேள்வி எண், சர்ச்சைக்குரிய சொல், மூலநூலின் பக்கம். கண்ணீரும் கோபமும் எடுபடுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும்

எந்தக் கேள்வியில் யார் என்ன சொன்னார்கள், எப்படித் தீர்த்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். பழைய நோட்டில் சிவப்பு மையில் சுழித்த கேள்விகளை வேலி போட்டு அடுத்த ஆண்டு மறுபடி கேட்கிறேன்.

அந்த நோட்டில் ஒரு பக்கம் மட்டும் முடியாமல் கிடக்கிறது. வாசகர் வட்டப் போட்டி முடிந்து தேநீர் குடிக்கும்போது, குறளில் தாமரையும் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தம்பி, தாமரைக்கண்ணான் என்றால் திருமால். தாமரையினாள் என்றால் திருமகள். இரண்டும் பெயர்கள். வள்ளுவர் பூவைச் சொல்லவில்லை. குவளை வெட்கப்பட்டுத் தலைகவிழ்கிறதே, அது பூ. இது எங்கே பூ?" என்றார். "பூ இல்லாமல் அந்தப் பெயர் எங்கிருந்து வரும், ஐயா?" என்றேன். "அப்படியானால் மலர்விழி என்று பெயர் வைத்த வீட்டில் எல்லாம் பூக்கடை இருக்கிறதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, "மலர் என்று எண்ணுவதற்கு அது பூவாகவே வர வேண்டுமா, பெயருக்குள் வந்தால் போதுமா என்று கேள்வியில் எழுதிவிட்டால் சரியாகிவிடும்" என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். வேலி போட்டுவிட்ட திருப்தி எனக்கு. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "1120-இல் நெருஞ்சிப் பழம் வருகிறதே, அதை முள் என்று எண்ணுவாயா, பழம் என்று எண்ணுவாயா?" என்றார்.